அடித்தக்கை

“மூணு நாள் பயணத்துக்கும் அவனோட படகுலயா ஏறப் போற?”

“ஆமா.”

“அவுங்களா போட்டாங்களா, நீயே கேட்டியா?”

“நானே கேட்டன்.”

உள்ளங்கையில் ஊற்றிய கடுகெண்ணெயைத் தேய்க்காமல் சந்திரம்மாள் மகளைப் பார்த்தாள். டிசம்பர் மாதத்தில் எண்ணெய் தேய்க்காமல் பாத்திரத் தண்ணீரில் கையை வைத்தால் விரலெல்லாம் வெடித்துவிடும். டெல்லி ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயோரத்தில் காலையில் வேலைக்குக் கிளம்புகிற அத்தனை பெண்களிடமும் அந்த எண்ணெய் வாடைதான் அடிக்கும். சந்திரம்மாள் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷமாயிற்று. கட்டட வேலைக்கு அழைத்து வந்த புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். லோதி ரோடு சர்க்கார் குடியிருப்பில் நாலு வீட்டு வேலையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள்.

நாலு வீடு என்பது இப்போது. போன வருஷம் வரை ஐந்து.

“நேத்து பால் பூத்துல அந்த லீலாவதியம்மா நின்னுச்சி” என்றாள் சந்திரம்மாள், எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்து. “கைய இப்பிடி நீட்டிக் காமிச்சுது. தோலு உரிஞ்சி கெடக்குது. ‘ஒரு வருஷமாச்சு சந்திரா, ஒருத்தியும் எங்க வீட்டுக்கு வரமாட்டேங்கா, நீ ஒரு வார்த்தை சொன்னா வருவாளுவ’ன்னுச்சி.”

“நீ இன்னா சொன்ன?”

“தண்ணி சில்லுனு இருக்குதாம்மா, கொஞ்சம் சுட வச்சிக்கினு கழுவுங்கன்னன்.”

உதயா சிரித்துவிட்டாள். நாலாவோரத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் தங்களில் ஒருத்திக்கு அநியாயம் நடந்துவிட்டால் அந்த வீட்டை ‘மூடிவிடுவார்கள்’. அப்புறம் தமிழச்சி மட்டுமில்லை, பீகாரிப் பெண்கூட அந்தப் படியில் ஏறமாட்டாள். செக்‌ஷன் ஆபீசர் பாலசுப்ரமணியத்தின் வீடு, அதாவது லீலாவதியம்மாவின் வீடு, மூடப்பட்டு அன்றோடு பதினோரு மாதம்.

மூலையில் கம்பளிக்குள்ளிருந்து வடிவேல் பேசினான். கல்யாண சீசன். பந்தல் போடுகிற டென்ட் ஹவுசில் மேஜை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்து படுத்திருந்தான்.

“போனமா, துடுப்பு போட்டமா, பாய் கட்டனமா, வந்தமான்னு இருக்கணும். வேற எதையும் மனசுல வச்சிக்காத.”

“நீ தூங்குண்ணா.”

“நான் சொல்றது கேக்குதா?”

“கேக்குது, கேக்குது.”

கேட்கவில்லை.

நடந்தது இதுதான். வடிவேல் சேர்ந்திருந்த கடற்படை மாணவர் அணியின் படகுகள் ஓக்லாவில், யமுனைக் கரையில் நிற்கும். மரப்படகு. ஐந்தாறு பேர் துடுப்புப் போடலாம், காற்று இருந்தால் பாய் விரிக்கலாம். கரைக்கு இழுத்துப் போட்டதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்குப் படகின் அடியில் கட்டைவிரல் கனத்தில் ஒரு துளை. அதை அடைக்க ஒரு மரத்தக்கை. தக்கையை எடுப்பதும் போடுவதும் சுக்கான் பிடிக்கிறவனுடைய பொறுப்பு. அவனைத் தவிர யாரும் தொடக்கூடாது. போன படிப்பு வருஷம், ஜனவரியில், சுக்கான் பிடித்தவன் பாலசுப்ரமணியத்தின் மகன் பிரதீப். தக்கை போடாமலே படகை ஆற்றில் தள்ளினார்கள். நடு ஆற்றில் தண்ணீர் ஏறிப் படகு கவிழ்ந்தது. எல்லோரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டார்கள். நீச்சல் தெரியாத சேஷு மட்டும் கை நழுவிப் போய்விட்டான். வடிவேல்தான் பின்னால் போய் அவன் தலைமுடியைப் பற்றி இழுத்து வந்தான். அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குடித்த சேஷு பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

விசாரணையில் பிரதீப் சொன்னான்: “தக்கையை வடிவேலிடம் கொடுத்தேன். அவன் போடவில்லை.”

பிரதீப்பின் அப்பா காரில் வந்து இறங்கினார். வடிவேலுக்கு யாரும் வரவில்லை. சந்திரம்மாளுக்கு அன்று எந்த வாசலில் போய் நிற்பதென்றே தெரியவில்லை. வடிவேலின் நடத்தை அட்டையில் ‘கவனக்குறைவு, சக மாணவன் உயிருக்கு ஆபத்து’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சேஷுவின் அம்மா, “என் குழந்தைய கொல்லப் பாத்தியேடா, நன்னாருப்பியா நீ!” என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்தியது வேறு.

கப்பலில் மாலுமியாகப் போகவேண்டும் என்பதைத் தவிர வடிவேலுக்கு வேறு நினைப்பே இருந்ததில்லை. பிப்ரவரியில் ஆள் எடுக்கிறார்கள். அதைத் தாண்டினால் அவனுக்கு வயசு கடந்துவிடும். அந்த அட்டையோடு போய் நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த வருஷம்தான் பெண் பிள்ளைகளையும் படகுக்குச் சேர்த்தார்கள். அக்டோபரில் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் உதயா.

*

படகு சொல்லிக்கொடுத்தவர் ஆல்பர்ட். தூத்துக்குடிக்காரர், கடற்படையில் இருபது வருஷம் இருந்தவர். லோதி ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்த ஐந்து பேரையும் ஒரே படகில் போட்டுவிட்டார். மற்ற படகுக்காரர்கள் அதை ‘மதராஸி கிஷ்தி’, மதராசிகளின் படகு, என்று கூப்பிட்டார்கள்.

“லேய், வாடைக்காத்து எங்கன இருந்து வருது?”

“அந்தப் பக்கம் சார்” என்று ஐந்து பேரும் ஐந்து பக்கம் கை காட்டினார்கள்.

“வெளங்கும். ஏ பிள்ள கவிப்ரியா, காது மடல்ல எங்க குளிருதோ அங்கயிருந்துதான் காத்து. மஃப்ளரை அவுரு. பட்டாபி, நீ என்னவே துடுப்பை வச்சு மாவா பெசையுத?”

“சார், தண்ணி நாறறது சார்.”

“நாறத்தான் செய்யும். டெல்லிக்காரன் பூரா இதுலதான கழுவுதான். மூக்கால துடுப்பு போடாத, கையால போடு.”

இரண்டு மாதத்தில் ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் வளையக் கற்றார்கள். ஒருத்தி மூச்சை இழுத்தால் நாலு துடுப்பும் ஒன்றாக எழும்பின. பாய் படபடவென்று அடித்தால் யார் கயிற்றை இழுப்பது என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. சேஷுவை ஆல்பர்ட்தான் வீட்டுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். “ஒருதரம் தண்ணிக்குப் பயந்து ஓடிட்டாம்னா ஆயுசுக்கும் ஓடுவாம்மா” என்று அவன் அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாராம்.

சேஷு உதயாவுக்கு முன்னால் உட்கார்ந்தான். முதல் ஒரு மாதம் அவளோடு பேசவேயில்லை. அவன் கணக்கில் அவள் தன்னைக் கொல்லப் பார்த்தவனின் தங்கை. தண்ணீரில் தன் முடியைப் பிடித்தது யாரென்று அவனுக்கு ஞாபகமில்லை.

பிரதீப்போ அவளிடம் ரொம்ப நல்லவனாக நடந்துகொண்டான். “உதயா, தண்டா லக் ரஹா ஹை கியா? குளிருதுன்னா என் கிளவ்ஸ் போட்டுக்கோ” என்பான். அவனுடைய நல்லதனம்தான் அவளுக்கு வயிற்றை எரித்தது. பிரதீப்பும் அந்த வருஷம் ஆபீசர் தேர்வுக்குப் போகிறவன். இந்தக் குளிர்காலப் பயணம் ஒழுங்காக முடிந்தால் அவன் அட்டையில் நல்லதாக ஒரு வரி ஏறும்.

போன வருஷத்துக்குப் பிறகு ஆல்பர்ட் ஒரு புது முறை வைத்திருந்தார். சுக்கான்காரன் தக்கையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவேண்டும். படகைத் தள்ளுமுன் அடியில் போட்டுவிட்டு, “தக்கை!” என்று கத்தவேண்டும். அடுத்து இன்னொரு ஆள் பலகைக்குக் கீழே கையை விட்டுத் தொட்டுப் பார்த்து, “தொட்டாச்சு!” என்று கத்தவேண்டும். இரண்டு குரலும் கேட்டால்தான் படகு நகரும்.

“தொடுறது யாரு?” என்று ஆல்பர்ட் கேட்ட அன்றே, “நான் சார்” என்று முந்திக்கொண்டாள் உதயா.

மறுபடியும் மறப்பான் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால் சொல்லத் தெரியாது. அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு நாளும் அந்த இருட்டான, வழவழத்த அடிப்பலகைக்குள் விரலை விட்டாள். ஒவ்வொரு நாளும் மரத்தக்கை விரலில் இடித்தது. ஒவ்வொரு நாளும் ஏமாந்துபோய், “தொட்டாச்சு” என்றாள்.

*

மூன்று நாள் பயணம். ஓக்லாவிலிருந்து ஐ.டி.ஓ. அணை வரை எதிர்க்காற்றில் ஏறி, காற்றோடு திரும்பவேண்டும். இரண்டு படகு. ஆல்பர்ட் கரையோரமாக ஜீப்பில் வந்து தங்குகிற இடத்தில் சேர்ந்துகொள்வார்.

பதினொரு மணிக்குப் பனி விலகிய பிறகுதான் பாய் விரிக்க முடிந்தது. நுரை, பஞ்சு மிட்டாய் மாதிரி கட்டி கட்டியாக மிதந்து வந்தது. எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று பார்த்தன. வெள்ளைப் பறவைகள் பாய்மரத்தைச் சுற்றிக் கத்தின. நிஜாமுதீன் பாலத்துக்கு அடியில் மரத்தைச் சாய்த்துப் போகையில் மேலேயிருந்து யாரோ சாமி படமும் பூவும் கட்டிய பிளாஸ்டிக் பையை எறிய, அது பட்டாபியின் மடியிலேயே விழுந்தது.

“வாங்கிக்கோடா, பிரசாதம்” என்றாள் கவிப்ரியா.

“கங்காதரா! ஆத்துல போடறதுக்கு ஆத்துக்காரன் மேல போடறானே.”

சேஷுகூடச் சிரித்தான். மணல்திட்டில் முள்ளங்கி போட்டிருந்த விவசாயி ஒரு கட்டு பிடுங்கிக் கொடுத்தார். அதையும் சேஷு வீட்டுப் புளியோதரையையும் கடித்துக்கொண்டு, துண்டு துண்டாக எதிர்க்காற்றை வெட்டி ஏறினார்கள். இரண்டாம் நாள் அணையைத் தொட்டுத் திரும்பினார்கள். அந்த இரண்டு நாளும் உதயாவுக்கே சில நேரம் மறந்துபோயிற்று. பாய் நிரம்பிப் படகு சாய்ந்து ஓடும்போது வாயைத் திறந்து சிரித்திருக்கிறாள். பிரதீப் சொன்ன ஏதோ ஒன்றுக்குத்தான் சிரித்தோம் என்பது உறைத்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் மற்ற படகுக்காரர்கள் வம்புக்கு இழுத்தார்கள். யார் முதலில் ஓக்லா போகிறார்களோ பார்க்கலாம், தோற்றவர்கள் இரண்டு படகுத் துடுப்பையும் சுமந்துபோய்க் கொட்டகையில் வைக்கவேண்டும் என்று பந்தயம். சொல்லி வாய் மூடுமுன் அவர்கள் படகு தண்ணீரில் இறங்கிவிட்டது.

“ஜல்தி, ஜல்தி! தள்ளு பட்டாபி! கவி, கயிறு எங்க? ஓ ஷிட், அவங்க போயிட்டாங்க!” பிரதீப் ஓடினான், வழுக்கி விழுந்தான், எழுந்தான். “தக்கை!” என்று கத்தினான்.

வாய்தான் கத்தியது. கை கழுத்துப் பக்கமே போகவில்லை.

உதயா பலகைக்குக் கீழே கையை விட்டாள். விரல் எங்கும் இடிக்காமல் உள்ளே போனது. ஈர மணல் விரல் நுனியில் பட்டது. ஒரு மூச்சு அப்படியே நின்றாள். எதிரே சேஷு ஆரஞ்சு மிதவைச் சட்டையின் நாடாவை மூன்றாவது முறையாக முடிந்துகொண்டிருந்தான்.

“தொட்டாச்சு!” என்றாள் உதயா.

*

காற்று பின்னாலிருந்து நன்றாகத் தள்ளியது. பிரதீப்புக்குக் குஷி. “தேக்கோ, பாருங்க, பிடிச்சிடுவோம்!” என்று சுக்கானைத் தட்டினான். உதயா ஒரு காலின் ஷூவைக் கழற்றி வைத்தாள். ஒருவரும் கவனிக்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும்.

“என் சாக்ஸ் ஈரமாயிடுத்து” என்றான் சேஷு.

“துடுப்புத் தண்ணி தெறிச்சிருக்கும்” என்றான் பட்டாபி.

“துடுப்பே போடலையேடா. பாய்ல போயிண்டிருக்கோம்.”

கவிப்ரியா குனிந்தாள். “ஐயோ! கீழ்ப்பலகை மிதக்குது! உள்ள தண்ணி!”

சேஷு எழுந்து நின்றுவிட்டான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டாபி அவன் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். சேஷுவின் பற்கள் அடித்துக்கொள்வது எல்லோருக்கும் கேட்டது.

“உதயா, நீ தொட்டே இல்ல?” என்றான் பிரதீப்.

“நீ போட்ட இல்ல?”

“போட்டேன்ப்பா!”

“நல்லா யோசிச்சிச் சொல்லு.”

“சச்சி, நிஜமா போட்டேன்!”

“அப்ப கழுத்துல தொங்கறது இன்னாது?”

பிரதீப்பின் கை கழுத்துக்குப் போனது. ஸ்வெட்டருக்குள்ளிருந்து தக்கை வெளியே வந்தது. அதைப் பார்த்த அவன் முகத்தைத்தான் உதயா பதினோரு மாதமாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்தாள். வரைந்ததைவிட நன்றாக இருந்தது.

அவன் சுக்கானை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். படகு குறுக்கே திரும்பியது. பாய் வெறிபிடித்த மாதிரி அடித்தது.

“அங்கியே இரு! சுக்கான விட்டா கவுரும்!” என்றாள் உதயா. வெறுங்காலைத் தண்ணீருக்குள் விட்டு, குதிகாலால் துளையை அழுத்தினாள். எலும்புவரை குளிர் ஏறியது. “இப்ப என் குதிகால் ஓட்டை மேல இருக்குது. தண்ணி வராது. எடுத்தா வரும். போன வருஷம் தக்க யார்கிட்ட இருந்துச்சி? சொல்லு.”

“பாகல் ஹை கியா, பைத்தியமா நீ? எல்லாரும் சாவோம்!”

“சொல்லு.”

“வடிவேல்கிட்ட—”

அவள் காலைத் தூக்கினாள். கொப்புளித்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்தது.

சேஷு அலறினான். கவிப்ரியா, “பிரதீப், சொல்லேன்டா! பகவானே, சொல்லித் தொலையேன்!” என்று அழுதாள்.

“என்கிட்ட! என் பாக்கெட்ல இருந்தது! போதுமா?”

“எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியும். சேஷுகிட்ட சொல்லு. அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

பிரதீப் வாய் கோணிப்போய் அழுதான். “சேஷு... என் பாக்கெட்ல இருந்தது. நான் மறந்துட்டேன். கரைக்கு வந்ததும் தண்ணில வீசிட்டேன். வடிவேல்கிட்ட நான் குடுக்கவே இல்ல. அவன்தான் உன்னை இழுத்துட்டு வந்தான். அப்பா அப்படிச் சொல்லுன்னாரு.”

உதயா கையை நீட்டினாள். அவன் கழற்றி எறிந்த தக்கையைப் பிடித்து, குனிந்து, தோள்வரை நனைய, துளையில் அடித்து இறுக்கினாள்.

வாளியாலும் டிபன் டப்பாவாலும் தண்ணீரை இறைத்தார்கள். மற்ற படகு கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது.

சேஷு இறைப்பதை நிறுத்திவிட்டு உதயாவைப் பார்த்தான்.

“நீ தொட்டாச்சுன்னு சொன்னியே.”

“ஆமா.”

“அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“ஆமா.”

“நானும் இந்த போட்லதானே இருந்தேன் உதயா?”

அவள் டப்பாவை அவன் கையில் திணித்தாள். “தண்ணிய எற.”

*

ஓக்லா கரையில் ஆல்பர்ட் கேட்டது ஒரே கேள்விதான். “உள்ள எப்படிலே இவ்வளவு தண்ணி?”

“சார், இவ தொட்டாச்சுன்னு பொய் சொன்னா!” என்று பிரதீப் முந்தினான்.

“சொன்னேன் சார். அவன் தக்கை போடல. நான் தொட்டன், இல்ல. இருக்குதுன்னு சொன்னேன்.”

ஆல்பர்ட் அவள் நனைந்த கையைப் பார்த்தார். அப்போது சேஷு முன்னால் வந்தான். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. “சார், போன வருஷமும் தக்கை இவன்கிட்டதான் சார் இருந்துது. இவனே சொன்னான். நாங்க நாலு பேரும் கேட்டோம். எழுதிக் குடுக்கறேன் சார்.”

ஆல்பர்ட் ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து எழுதவைத்தார். பிரதீப் கையெழுத்துப் போடமாட்டேன் என்றான். “போடாம இங்கேருந்து நகர முடியாதுவே. ஒங்கப்பா காரு வந்தாலும் இங்கனயேதான் நிக்கும்” என்றார். போட்டான்.

“இதை நாளைக்கே மேல கொண்டு போறேன். வடிவேல் அட்டைல எழுதினதை அடிக்க வைக்கது என் பொறுப்பு” என்றார் உதயாவிடம். அவள் முகம் மலர்வதற்குள், “நீயும் மிதவைச் சட்டையைக் கழட்டிக் குடுத்திட்டுப் போ பிள்ள. இனி ஒன்னை எந்தப் படகுலயும் ஏத்த மாட்டேன்” என்றார்.

“ஓட்டைய நான் போடல சார்.”

“மூடவும் இல்ல. ஒருத்தன் மேல உள்ள கோவத்துக்கு அஞ்சு பேரைத் தண்ணிக்குக் குடுக்கப் பாத்திருக்க. ஒங்கண்ணனை நான் படகுல ஏத்துவேன். ஒன்னை ஏத்த மாட்டேன். போ.”

*

காகிதத்தின் நகலை சந்திரம்மாளுக்கு உதயா இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். அவள் அன்று மத்தியான வேலைக்குப் போகவில்லை. போகல் மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் மீன் வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து உரசினாள்.

“அழுதானா?”

“அழுதான்.”

“எப்பிடி அழுதான்? சத்தம் போட்டா?”

“வாய் கோணிக்கினு.”

“அப்பன் சொல்லச் சொன்னான்னும் சொன்னானா? எல்லார் எதுருலயும்? மறுபடி சொல்லுடி, மொதல்ல இருந்து சொல்லு.”

உதயா முதலிலிருந்து சொன்னாள். மீன் செதிள் ஒட்டிய கையால் சந்திரம்மாள் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “அந்த வூடு மூடனது மூடனதுதான். நான் சுடுகாட்டுக்குப் போனப்பறம் தெறக்கட்டும்” என்றாள்.

வடிவேல் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தான்.

“தண்ணி எவ்ளோ ஏறுச்சி?”

“பாதி கணுக்கால்... அப்பறம் கொஞ்சம் மேல.”

“சேஷுக்கு நீச்சல் வராதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தொட்டாச்சுன்னு சொல்லும்போது அவன் எங்க இருந்தான்?”

“எதுருல. நாடா முடிஞ்சிக்கினு இருந்தான்.”

“பாத்த?”

“பாத்தன்.”

“டேய், இன்னாத்துக்கு இப்ப போலீஸ் மாதிரி கேக்கற?” என்றாள் சந்திரம்மாள். “உனக்காகத்தான செஞ்சா? பிப்ரவரிக்கு நீ போலாம். அத நெனச்சிச் சந்தோசப்படு.”

“போவன்மா. போவாம இருக்க மாட்டன்.” வடிவேல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். தங்கையின் முகத்தைப் பார்த்துக் கேட்டான். “படகுலேருந்து தூக்கிட்டாங்களே, வருத்தமா இருக்குதா?”

“அதுக்கு இருக்குது.”

“சேஷுவ நெனச்சி?”

உதயா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்றும் யோசித்தாள். அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று தோன்றியது.

“இல்லண்ணா.”

“அதான் எனக்கு பயமா இருக்குது” என்றான் வடிவேல்.

அவன் பாதி சோற்றில் எழுந்து கையைக் கழுவி, டென்ட் ஹவுஸ் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சந்திரம்மாள் அவன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து மகள் தட்டில் வைத்தாள். உதயா முள்ளை நீக்கிவிட்டுச் சாப்பிட்டாள். குதிகால் இன்னும் விறைத்துத்தான் கிடந்தது. குழம்பு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.